தாயின் விசுவாசம் பிள்ளைக்குள் எப்படித் தங்குகிறது? நான்கு சனிக்கிழமை வகுப்புக்கு விபரம் தேவை

வெள்ளவத்தை_தாய்மார்குழு:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் எங்கள் சபைத் தாய்மார் கூட்டத்தில், அன்னையர் தினத்தை ஒட்டி மே மாதம் நான்கு சனிக்கிழமை தொடர்ந்து வகுப்பு நடத்தக் கேட்டிருக்கிறார்கள். வழக்கமாக நீதிமொழிகள் 31ஐ வாசித்து, பூக் கொடுத்து, கேக் வெட்டி முடித்துவிடுவோம். இந்த முறை வருகிற தாய் வீட்டுக்குப் போய் அன்றைக்கு இரவே தொடங்கக்கூடியதாக ஏதாவது கொடுக்க வேண்டும் என்பது விருப்பம்.

வருவது ஏறத்தாழ இருபது பேர். பெரும்பாலானோர் வேலைக்குப் போகிறவர்கள், தொடர்மாடியில் இருக்கிறவர்கள். பிள்ளைகள் 3 வயதிலிருந்து 16 வரை. ஆங்கில மொழிமூலம் படிக்கிற பிள்ளைகள் தமிழ் நன்றாகக் கதைக்கும், வாசிக்கச் சொன்னால் தடுமாறும். மூன்று நான்கு பேருடைய கணவன்மார் சைவர்கள். அம்மம்மாமார் இரண்டு பேர் வருகிறார்கள். அவர்களுடைய மகள்மார் மத்திய கிழக்கில் வேலை.

வீட்டு ஜெபத்தை எப்படி அமைப்பது, வசனம் மனதில் நிற்க என்ன வழி, எங்கே பிழைக்கிறது, ஏன் பிழைக்கிறது என்பதை அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதுங்கள். "ஜெபியுங்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்பதை எல்லோரும் அறிவோம். அதற்கு அடுத்த படிதான் தேவை.

ஞாயிறுபாடசாலை_மிஸ்:

அக்கா, முதலில் நேரம். வீட்டு ஜெபம் நின்றுபோகிற வீடுகளில் பெரும்பாலும் இடறுவது நேரத்தில்தான், விசுவாசத்தில் இல்லை. இராச்சாப்பாட்டுக்குப் பிறகு என்று வைத்தால் சின்னது தூங்கிவிடும், பெரியது வீட்டுவேலைப் புத்தகத்தோடு இருக்கும், தாய்க்குக் குசினியில் சட்டி பானை கிடக்கும். சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம் என்று வையுங்கள். பசியோடு எல்லோரும் மேசைக்கு வந்தேயாக வேண்டும், கூப்பிட்டுக் களைக்கத் தேவையில்லை. ரியூசன் முடிந்து எட்டரைக்கு வீடு வருகிற நாட்களில் வம்புக்குச் செய்ய வேண்டாம். கிழமையில் ஐந்து நாள் நடந்தால் போதும். ஏழு நாளும் என்று சபதம் எடுத்தவர்கள்தான் மூன்றாம் கிழமை விட்டுவிடுகிறார்கள்: ஒரு நாள் தவறியதும் மனம் விழுகிறது, அதற்குப் பிறகு தொடங்க வெட்கம்.

பத்து நிமிடத்துக்குள் என்ன? ஒரு பாட்டு, இரண்டு சரணத்துக்கு மேல் வேண்டாம். எட்டுப் பத்து வசனம் வாசிப்பு. ஒரு கேள்வி. ஒவ்வொருவரும் ஒரு வரி ஜெபம். கர்த்தருடைய ஜெபம் சேர்ந்து. முடிந்தது. 5 வயதுக்குக் கீழ் பிள்ளை மட்டும் உள்ள வீட்டில் வாசிப்பை விட்டுக் கதையாகச் சொல்லுங்கள், ஐந்து நிமிடத்தில் முடியுங்கள். பிள்ளை "இன்னும்" என்று கேட்கிற இடத்தில் நிறுத்துவது நல்லது.

எந்தப் புத்தகம் என்பது பெரிய விஷயம். ஆதியாகமத்தில் தொடங்கி வரிசையாகப் போகிற குடும்பங்கள் யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்தில், ஆசரிப்புக் கூடாரத்தின் முழக்கணக்கு வந்ததும் நின்றுவிடும். மாற்கில் தொடங்குங்கள். 16 அதிகாரம்தான். சம்பவம் சம்பவமாக ஓடும். நாளுக்குப் பத்து வசனம், கிழமைக்கு ஐந்து நாள் என்றால் மூன்றரை மாதத்தில் ஒரு சுவிசேஷம் முழுவதும் முடிந்துவிடும். ஒரு புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை அம்மாவோடு வாசித்தோம் என்பது பிள்ளைக்கு மறக்காது.

கேள்வியை "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டோம்?" என்று கேட்காதீர்கள். பிள்ளை உடனே "நல்ல பிள்ளையாக இருக்க வேணும்" என்று சொல்லித் தப்பும். பதில் வசனத்துக்குள் கிடக்கிற மாதிரிக் கேளுங்கள். மாற்கு 5இல் யவீருவின் மகள் எழும்புகிறாள், பன்னிரண்டு வயது. "அவள் எழும்பின உடனே இயேசு வீட்டுக்காரரிடம் என்ன செய்யச் சொன்னார்?" என்று கேளுங்கள். பிள்ளைகள் திரும்பப் போய்த் தேடும். அவளுக்குச் சாப்பிடக் கொடுக்கச் சொன்னார். அந்த இடத்தில் எந்தப் பிள்ளையும் நிமிர்ந்து பார்க்கும். பெரியவர்களுக்கே அந்த வரி கண்ணில் படுவதில்லை. விளக்கம் சொல்ல ஆசை வரும். அடக்கிக்கொள்ளுங்கள்.

இனி ஜெபம். பிள்ளை சொல்கிற வரியைத் திருத்தாதீர்கள். "எங்கட பூனைக்குக் கால் சுகமாக வேணும்" என்றால் ஆமென் சொல்லுங்கள். இதைவிடப் பெரிய பிழை ஒன்று நல்ல தாய்மாரிடமே உண்டு. பிள்ளை பக்கத்தில் இருக்க, "ஆண்டவரே, இவன் பொய் சொல்லுகிற பழக்கத்தை மாற்றும், கணக்குப் பாடத்தில் இவனுக்குக் கவனத்தைத் தாரும்" என்று சத்தமாக ஜெபிப்பது. அது ஆண்டவருக்குச் சொல்வது இல்லை, கண் மூடிக்கொண்டு பிள்ளையைப் பேசுவது. பிள்ளைக்கு அது உடனே விளங்கும், அன்றிலிருந்து ஜெப நேரம் என்றால் விசாரணை நேரம். பிள்ளையின் குறைக்காகத் தனியே ஜெபியுங்கள். பிள்ளைக்கு முன்னால் பிள்ளைக்காக நன்றி மட்டும் சொல்லுங்கள்.

வசனம்: கிழமைக்கு ஒன்று போதும். திங்கள் தாய் முழுதாக மூன்று தரம் சொல்ல வேண்டும், பிள்ளை கேட்க மட்டும். செவ்வாய் இரண்டாகப் பிரித்து மாறி மாறி. புதன் வெள்ளைப்பலகையில் எழுதி இரண்டு சொல்லை அழித்துச் சொல்ல வைப்பது, வியாழன் இன்னும் மூன்று சொல். வெள்ளி பலகை இல்லாமல். ஆனால் இதெல்லாம் பாதி வேலை. மற்றப் பாதி பழைய வசனத்தைத் திரும்பச் சொல்வது: போன கிழமையுடையதும், ஒரு மாதத்துக்கு முந்தியதும் ஒவ்வொரு ஞாயிறும் ஒருமுறை. இதைச் செய்யாத வீட்டில் பிள்ளை போட்டிக்குப் பாடமாக்கும், பரிசு வாங்கும், இரண்டு மாதத்தில் ஒரு சொல்லும் இருக்காது.

ஒரே மொழிபெயர்ப்பில் நில்லுங்கள். சபையில் பழைய திருப்புதல், பாடசாலைச் சமயப் புத்தகத்தில் வேறு, அம்மாவின் போனில் இன்னொன்று என்றால் "கர்த்தர்" ஒரு நாள், "ஆண்டவர்" மறுநாள், வாக்கியம் ஒவ்வொரு தரமும் வேறு வடிவத்தில் வரும். மனம் எதையும் பிடிக்காது. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக் கொடுக்காதீர்கள். லகர ளகர ழகரம் எல்லாம் ஒன்றாகிவிடும், பிறகு திருத்த முடியாது. காதால் படிப்பியுங்கள். 23ஆம் சங்கீதம் ஆறே வசனம். தாயின் வாயிலிருந்து கேட்டே நான்கு வயதுப் பிள்ளை முழுவதும் சொல்லும்.

தண்டனையாக வசனத்தை ஐம்பது தரம் எழுத விடுகிற பழக்கம் யாரிடமாவது இருந்தால் முதல் சனிக்கிழமையே நிறுத்தச் சொல்லுங்கள். "இயேசப்பா அடிப்பார்" என்று சோறு ஊட்டுவதையும்.

பழைய_ஏடு:

மிஸ் எழுதியதில் மாற்றம் சொல்ல எதுவும் இல்லை. வகுப்பில் எடுத்துச் சொல்ல உதாரணங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் தாய்மார் கூட்டங்களில் இவை பாதியாகத்தான் சொல்லப்படுகின்றன.

நீதிமொழிகள் 31ஐ விடவேண்டாம், ஆனால் முதலாம் வசனத்தில் தொடங்குங்கள். அது லேமுவேல் ராஜாவுக்கு அவனுடைய தாய் உபதேசித்த வசனங்கள். எல்லோரும் 10ஆம் வசனத்துக்குத் தாவி, இரவில் விளக்கு அணையாத குணசாலியான ஸ்திரீயை வாசித்து, ஏற்கெனவே களைத்துப்போன தாய்மாரை இன்னும் களைப்பாக்குகிறார்கள். 2 முதல் 9 வரை ஒரு தாய் மகனோடு கதைக்கிறாள்: குடியைப் பற்றி, பெண்கள் விஷயத்தில் ஒழுக்கத்தைப் பற்றி, வாய் திறக்க முடியாதவனுக்காக வாயைத் திற என்று. வளர்ந்த மகனோடு இவற்றை வெளிப்படையாகக் கதைப்பது தாயின் வேலை என்று வேதமே வைத்திருக்கிறது. 14, 15 வயது ஆண்பிள்ளைகளின் தாய்மாருக்கு இந்த எட்டு வசனம் ஒரு முழு வகுப்புக்குப் போதும்.

தீமோத்தேயுவின் வீடு உங்கள் குழுவுக்கு மிகப் பொருத்தம். அப்போஸ்தலர் 16:1இன்படி தாய் விசுவாசமுள்ள யூதப் பெண், தகப்பன் கிரேக்கன். மகனுக்கு அதுவரை விருத்தசேதனம் நடந்திருக்கவில்லை என்பது அடுத்த வசனங்களில் தெரிகிறது. ஆக அந்த வீட்டில் சமய விஷயத்தில் தாயின் சொல் முழுவதும் நடக்கவில்லை. ஆனாலும் பவுல் 2 தீமோத்தேயு 1:5இல் பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும் பெயர் சொல்லி நினைக்கிறார். 3:15இல் குழந்தைப் பருவத்திலிருந்தே வேத எழுத்துகளை அறிந்தவன் என்கிறார். சடங்கில் தாயின் கை எட்டாத வீட்டிலும் வேத எழுத்து உள்ளே போயிருக்கிறது. அம்மம்மாமாருக்கும் இதில் இடம் இருக்கிறது, அதை அவர்களைப் பார்த்தே சொல்லுங்கள்.

அகுஸ்தீனின் தாய் மோனிக்காவை எல்லோரும் கண்ணீரோடு நிறுத்திவிடுகிறார்கள். விபரம் அதைவிட உதவியானது. அகுஸ்தீன் 354இல் வட ஆபிரிக்காவின் தகாஸ்தேயில் பிறந்தவர். தகப்பன் பத்ரீசியஸ் நீண்டகாலம் கிறிஸ்தவர் அல்ல, சாவுக்குச் சற்று முன்புதான் ஞானஸ்நானம் பெற்றார். மகன் மனிகேயர் என்ற வேறு சமயக் கூட்டத்தில் சேர்ந்தபோது மோனிக்கா முதலில் அவரைத் தன் வீட்டில், தன் மேசையில் சேர்க்க மறுத்தார். பிறகு அந்த முடிவை மாற்றித் திரும்பச் சேர்த்துக்கொண்டார். ஒரு ஆயரிடம் போய் மகனோடு வாதாடச் சொன்னார். அந்த ஆயரே சின்ன வயதில் மனிகேயரிடம் வளர்ந்தவர். "இப்போது கேட்கமாட்டான், விட்டுவிடு, அவனுக்காக ஜெபி, வாசித்து வாசித்து அவனே கண்டுகொள்வான்" என்ற கருத்தில் மறுத்துவிட்டார். 387 உயிர்ப்புப் பெருவிழாவில் மிலானில் அம்புரோஸ் கையால் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். அப்போது வயது 32. அதே ஆண்டு ஓஸ்தியாவில் மோனிக்கா இறந்தார், 56 வயதில். பதின்ம வயதுப் பிள்ளையைத் திருத்த ஊழியக்காரரை வீட்டுக்கு அழைத்து வந்து முன்னால் இருத்துகிற தாய்மாருக்கு அந்த ஆயரின் மறுப்பைச் சொல்லுங்கள்.

சூசன்னா வெஸ்லி, மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லியின் தாய்: 19 பிள்ளைகள் பெற்றார், அதில் ஒன்பது சிசுவிலேயே போனது. கணவர் போதகர், கடனுக்காகச் சிறைக்கும் போனவர். அவருடைய முறையை 1732இல் மகன் ஜோன் கேட்டதற்காகக் கடிதமாக எழுதினார். பேசத் தொடங்கியதும் கர்த்தருடைய ஜெபம், எழும்பும்போதும் படுக்கும்போதும். ஐந்து வயது நிறைந்த அடுத்த நாள் எழுத்துப் படிப்பு. பிழையைத் தானாக ஒத்துக்கொண்ட பிள்ளைக்கு அடி இல்லை. ஒரே பிழைக்கு இரண்டாம் தரம் தண்டனை இல்லை, பழையதைக் கிளறிப் பேசுவதும் இல்லை. இந்தக் கடைசி இரண்டையும் எழுதி ஒட்டலாம். பிள்ளையின் சித்தத்தை அடக்கவேண்டும் என்று பிரம்பையும் அவர் வைத்திருந்தார். அதை இன்றைக்கு எடுக்கவேண்டாம் என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள், எல்லாவற்றையும் புகழத் தேவையில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கிழமையில் ஒவ்வொரு மாலை ஒரு பிள்ளைக்கு என்று ஒதுக்கித் தனியே இருந்து கதைத்தார். ஜோனுக்கு வியாழன், சார்ள்ஸுக்குச் சனி. ஜோன் வளர்ந்து ஒக்ஸ்ஃபோர்ட்டில் இருந்த காலத்தில், அந்த வியாழன் மாலையில் கொஞ்சத்தைத் தனக்கு இன்னும் ஒதுக்க முடியுமா என்று தாய்க்கு எழுதினார். அந்த மகனின் இயக்கத்தைச் சேர்ந்த மிஷனரிகள் 1814இல் காலியில் வந்து இறங்கி, 1816இல் புறக்கோட்டையில் ஆலயம் கட்டித் திறந்தார்கள். பத்துப் பிள்ளைகளுள்ள தாய் செய்ததை இரண்டு பிள்ளைகளுள்ள தாய் இருபது நிமிடத்தில் செய்யலாம். வெள்ளவத்தைக் கடற்கரையில் நடந்துகொண்டு, போன் இல்லாமல், ஒரு தரத்துக்கு ஒரு பிள்ளை.

இதைச் சூத்திரமாக்கிவிடவும் வேண்டாம். அதே வீட்டில் அதே முறையில் வளர்ந்த மகள் ஹெட்டியின் வாழ்க்கை மிகவும் துன்பமாகப் போனது. நீதிமொழிகள் 22:6 வழியைச் சொல்கிறது, கையில் உத்தரவாதச் சீட்டுத் தரவில்லை. பிள்ளை விலகிப்போன தாய் அந்தக் கூட்டத்தில் கட்டாயம் இருப்பார், பேசாமல் பின்வரிசையில்.

கொட்டாஞ்சேனை_மறையாசிரியர்:

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து சில. உங்கள் குழுவில் கலந்த குடும்பங்கள் இருந்தால் உதவும்.

1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் குடும்பத்தை இல்லத் திருச்சபை என்றது, பெற்றோரைப் பிள்ளைகளுக்கு விசுவாசத்தின் முதல் அறிவிப்பாளர் என்றது. மறைக்கல்வி வகுப்புக்கு ஞாயிறு ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கிறது. வீட்டில் ஒன்றும் நடக்காத பிள்ளைக்கு அந்த ஒரு மணித்தியாலம் பாடசாலையில் இன்னொரு பாடம் மாதிரித்தான்.

செபமாலை: ஐம்பத்துமூன்று மங்கள வார்த்தையும் சின்னப் பிள்ளையை முழந்தாளில் வைத்துச் சொல்ல வைத்தால் இருபது நிமிடம் போகும், பிள்ளை மாதாவையே வெறுக்கும். 7 வயதுவரை பத்து மங்கள வார்த்தை கொண்ட ஒரு பகுதி போதும், நான்கு நிமிடம். தொடங்கமுன் அன்றைய தேவ இரகசியத்தை ஒரு வரியில் சொல்லுங்கள்: திங்களும் சனியும் மகிழ்ச்சி, செவ்வாயும் வெள்ளியும் துக்கம், புதனும் ஞாயிறும் மகிமை, வியாழன் ஒளி. அந்த ஒரு வரிதான் கதை, மற்றது அதற்கு மூச்சு. முழுச் செபமாலையை மே, ஒக்ரோபர் மாதங்களில் வையுங்கள். அப்போது பக்கத்து வீட்டுக்காரரும் வருவார்கள், பிள்ளைகள் கொண்டாட்டமாக எடுக்கும்.

ஞானஸ்நானத்தில் இட்ட அடையாளத்தைத் தினம் புதுப்பியுங்கள். ஸ்கூல் வான் கீழே நின்று ஹோர்ன் அடிக்கும், பிள்ளை ஒரு சப்பாத்துப் போட்டு மற்றதைத் தேடும், தாய் கையில் தண்ணீர்ப் போத்தல். அந்த நெரிசலிலேயே பெருவிரலால் நெற்றியில் ஒரு சிலுவை, ஒரு சொல்லும் சொல்லாமல். மூன்று செக்கன். கோபமாகப் பேசிவிட்ட காலையிலும் கட்டாயம் போட வேண்டும், அந்தக் காலையில்தான் முக்கியமாக. பதினைந்து வயதில் "அம்மா விடுங்கோ" என்று தலையைத் திருப்பும். அப்போது கதவடியில், சிநேகிதர் காணாத இடத்தில் போடுங்கள்.

மிஸ்ஸோடு ஒரு இடத்தில் உடன்பாடில்லை. சாப்பாட்டுக்கு முன் வைத்தால் ஜெபம் சாப்பாட்டுக்குக் கட்டணம் மாதிரி ஆகிவிடக்கூடும். படுக்கைக்கு முன் இரண்டு நிமிட மௌனமும் இருக்கட்டும்: இன்றைக்கு எது சந்தோசம், யாரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும். முதலில் தாய் சொல்ல வேண்டும். பிள்ளைமீது அநியாயமாகக் கத்தியிருந்தால் "நான் உன்னைப் பேசினது பிழை, மன்னித்துக்கொள்" என்று ஒரே வாக்கியம். அதற்குப் பின்னால் "ஆனால் நீயும்" என்று தொடங்கினால் முழுவதும் வீண். பாவசங்கீர்த்தனத்துக்கு எட்டு வயதில் ஆயத்தம் செய்யும்போது, வீட்டில் மன்னிப்புக் கேட்பதைக் கண்ட பிள்ளைக்கும் காணாத பிள்ளைக்கும் உள்ள வித்தியாசம் முதல் வகுப்பிலேயே தெரியும்.

ஞாயிறு ரியூசன். கொழும்பில் இதுதான் பெரிய போர். எங்களுக்குச் சனிக்கிழமை மாலைப் பூசை ஞாயிற்றுக் கடமைக்குச் சரியாகும், ஆகவே பூசையை விடக் காரணம் இல்லை. ஆனால் மறைக்கல்வி போய்விடுகிறது. தரம் 5 புலமைப்பரிசில் ஆண்டில் "இந்த ஒரு வருடம் மட்டும்" என்று நிறுத்துகிற பிள்ளைகள் தரம் 6இல் திரும்பி வருவது குறைவு. ஒரு பாடத்தைத் தவறவிட்டதால் இல்லை. பரீட்சை வந்தால் ஆண்டவர் காத்திருப்பார் என்று வீட்டில் படித்துவிட்டது. குறைக்க வேண்டுமானால் பரீட்சைக்கு முந்திய நான்கு கிழமை மட்டும், திகதி சொல்லி, மறையாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிக் குறையுங்கள். பரீட்சை முடிந்த முதல் ஞாயிறே திரும்ப வந்துவிட வேண்டும்.

கடைசியாக ஒன்று. 2019 ஏப்ரல் 21 உயிர்ப்பு ஞாயிறு குண்டுத் தாக்குதல் பற்றிப் பிள்ளைகள் ஒவ்வொரு ஆண்டும் கேட்பார்கள். கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்குச் செவ்வாய் தோறும் போகிற குடும்பங்களில் இன்னும் கூட. "அதெல்லாம் கதைக்காதே" என்று அடைக்காதீர்கள், படங்களையும் காட்டாதீர்கள். நடந்ததை இரண்டு வாக்கியத்தில் உண்மையாகச் சொல்லுங்கள்: பூசைக்குப் போன மக்கள் கொல்லப்பட்டார்கள், நாங்கள் அவர்களுக்காகச் செபிக்கிறோம். பிறகு பிள்ளை கேட்கிற கேள்விக்கு மட்டும் பதில். பக்கத்து வீட்டு முஸ்லிம் பிள்ளையோடு விளையாட விடுவதா என்று தாய் தயங்கினால், மன்னிப்பைப் பற்றிச் சொன்ன எல்லாவற்றையும் அந்தத் தயக்கம் அழித்துவிடும்.

வெள்ளவத்தை_தாய்மார்குழு:

மிக்க நன்றி, இவ்வளவு விபரம் எதிர்பார்க்கவில்லை. நேரம் பற்றி இரண்டு பேரும் சொன்னதையும் வகுப்பில் வைத்து, வீட்டுக்கு எது பொருந்துமோ அதை எடுக்கச் சொல்கிறேன்.

இன்னும் இரண்டு. கணவர் சைவராக உள்ள வீட்டில் தாய் எந்த அளவுக்குப் போகலாம்? மற்றது அம்மம்மாமார் விஷயம். தாய் குவைத்திலோ டுபாயிலோ இருந்தால் இந்தப் பழக்கங்களில் எது நடக்கும்?

குடும்ப_ஆலோசனை_தெகிவளை:

முதலாவதற்குப் பதில். கத்தோலிக்க முறையில் கல்யாணம் நடந்திருந்தால், கத்தோலிக்கத் தரப்பு பிள்ளைகளை ஞானஸ்நானத்திலும் விசுவாசத்திலும் வளர்க்கத் தன்னால் இயன்றதைச் செய்வேன் என்று வாக்குக் கொடுத்திருப்பார், அது கணவருக்கும் அறிவிக்கப்பட்டிருக்கும். வாக்குக் கொடுத்தது மனைவி, கணவர் இல்லை. இந்த வித்தியாசத்தை மறந்துவிட்டு "நீங்கள் ஒத்துக்கொண்டதுதானே" என்று சண்டைக்கு இழுப்பதைப் பல இடங்களில் காணலாம். மற்றச் சபைகளில் என்ன சொல்லப்பட்டது என்று அந்தந்தக் குருவானவரிடம் கேட்டுத் தெளிவாகிக்கொள்ளச் சொல்லுங்கள்.

வீட்டுக்குள் மூன்று விஷயம் பிழைக்கிறது. பிள்ளைகளை வைத்துத் தகப்பனுக்காக ஜெபிக்க விடுவது: "அப்பா இரட்சிக்கப்பட வேண்டும்" என்று ஆறு வயதுப் பிள்ளை சொல்ல, தகப்பன் அடுத்த அறையில் கேட்டுக்கொண்டிருப்பார். தகப்பன் பொல்லாதவர் என்று பிள்ளை எடுத்துக்கொள்ளும், அல்லது தாய்க்கு எதிராகத் தகப்பன் பக்கம் சாயும். தனியே ஜெபியுங்கள். 1 பேதுரு 3:1 போதனை இல்லாமல் நடக்கையால் என்றுதான் மனைவிமாருக்குச் சொல்கிறது. இரண்டாவது, பண்டிகை வந்த பிறகு வாதாடுவது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மாமியார் வீட்டில் பிள்ளை எதில் சேரும், எதில் சேராது என்பதைப் பண்டிகைக்கு ஒரு மாதம் முன்பே கணவனும் மனைவியும் மட்டும் இருந்து கதைத்து முடிவெடுக்கவேண்டும். பிள்ளையின் தலைக்குமேல், மாமியாருக்கு முன்னால் முடிவெடுத்தால் எந்த முடிவும் பிழையாகத்தான் தெரியும். அப்பம்மாவுக்கு மரியாதை கொடுக்கப் பிள்ளையைப் பழக்குவதும் கிறிஸ்தவத் தாயின் போதனைதான், பெற்றோரைக் கனம்பண்ணும் கட்டளையை நான்காவது என்று எண்ணினாலும் ஐந்தாவது என்று எண்ணினாலும். மூன்றாவது, களவாகச் செய்வது. கணவருக்குத் தெரியாமல் ஞானஸ்நானம், தெரியாமல் ஞாயிறு பாடசாலை. பிள்ளைக்கு முதலில் விளங்குவது அம்மா அப்பாவுக்கு ஒளிக்கிறார் என்பதுதான்.

நடக்கக்கூடியது: பத்து நிமிட ஜெபத்துக்குக் கணவரை அழையுங்கள், வற்புறுத்த வேண்டாம். வந்தால் வாசிக்கக் கொடுங்கள். நீதிமொழிகளை வாசிக்கப் பெரும்பாலான தகப்பன்மார் மறுப்பதில்லை.

பதின்ம வயதைப் பற்றியும் ஒரு வார்த்தை. திடப்படுத்தல் முடிந்ததும் பிள்ளைகள் நழுவுகிற காரணங்களில் ஒன்று, சபையில் அவர்களை அறிந்த பெரியவர் தாயைத் தவிர யாரும் இல்லாதது. ஞானத்தாய் என்று ஒருவர் ஞானஸ்நான அன்று கைக்குழந்தையைத் தூக்கியதோடு போய்விடுகிறார். அவரைத் திரும்ப அழையுங்கள். மாதம் ஒருமுறை அந்தப் பிள்ளையைத் தனியே ஒரு ஐஸ்கிறீமுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள், தாய்க்கு ஒன்றும் அறிக்கை தரத் தேவையில்லை. பிள்ளை கேட்கிற கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, ஒரு கிழமைக்குள் தெரிந்தவரிடம் கேட்டுத் திரும்ப வந்து சொல்லவேண்டும். திரும்பி வராத தாயிடம் இரண்டாம் கேள்வி வராது.

அம்மம்மா_பக்கம்:

மத்திய கிழக்குக் கேள்விக்கு. நேரத்தில் தொடங்குங்கள். குவைத்தும் சவூதியும் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால், டுபாய் ஒன்றரை. இங்கே ஏழரை ஜெப நேரம் என்றால் அங்கே ஐந்து அல்லது ஆறு, வீட்டுவேலை செய்கிற பெண் ஒருநாளும் போன் எடுக்க முடியாத நேரம். ஆகவே நேரடி அழைப்பை நம்பி ஒழுங்கு செய்யாதீர்கள். காத்திருந்து ஏமாறுகிற பிள்ளை ஜெபத்தையும் அந்த ஏமாற்றத்தோடு சேர்த்துவிடும்.

குரல் பதிவுதான் சரி. மகள் தனக்கு ஓய்வு கிடைக்கிற இரவில் வட்ஸ்அப்பில் அடுத்த நாள் வாசிப்பைத் தன் குரலில் வாசித்து அனுப்பட்டும், இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கடைசியில் பிள்ளையின் பெயரைச் சொல்லி ஒரு வரி ஜெபம். அம்மம்மா ஏழரைக்குப் போனை மேசையில் வைத்துப் போட்டுவிட்டு, கேள்வியை மட்டும் கேட்டால் போதும். கண் தெரியாத, வாசிக்கச் சிரமப்படுகிற அம்மம்மாமாருக்கும் இது பாரமில்லை. ஒரு கிழமைக்கு ஐந்து பதிவையும் வெள்ளிக்கிழமை ஓய்வில் ஒரேயடியாகப் பதிந்து அனுப்புகிறவர்களும் உண்டு. பதிவுகளை அழிக்காமல் வேறு இடத்தில் சேமித்து வையுங்கள். போன் மாறும்போது எல்லாம் போய்விடும்.

சிலர் பிழையாகச் செய்வது: பிள்ளை குழப்படி செய்தால் "அம்மாவிடம் சொல்லிவிடுவேன்" என்பது, அந்தக் கிழமைப் பதிவில் ஜெபத்துக்குப் பதில் ஏச்சு வருவது. குழப்படியை அம்மம்மாவே அன்றைக்கே முடிக்கவேண்டும். தாயின் குரல் அதற்கு வேண்டாம்.

அன்னாளை இந்த வகுப்பில் எடுங்கள். 1 சாமுவேல் 2:19: அவள் ஆண்டு தோறும் ஒரு சின்னச் சட்டை தைத்து, ஆலயத்தில் விட்ட மகன் சாமுவேலிடம் கொண்டுபோவாள். ஒரு வருடம் காணாத பிள்ளையின் உயரத்தை நினைத்துத் தைத்திருக்கிறாள். வெளிநாட்டிலிருந்து பெட்டி கட்டுகிற தாய்மாருக்கு இதை விளக்கவே தேவையில்லை.

வளர்ந்து கனடா, அவுஸ்திரேலியா போன பிள்ளைகளின் தாய்மாரும் வருவார்கள் என்றால்: ஞாயிறு இரவு ஏழரை ரொரன்ரோவில் கோடையில் காலை பத்து, குளிர்காலத்தில் ஒன்பது. ஆராதனைக்குப் புறப்படுகிற நேரம், "கோயிலுக்குப் போனாயா" என்ற விசாரணை கட்டாயம் வந்துவிடும், பிள்ளை பொய் சொல்லும். ஞாயிறைத் தவிர்த்து வேறு நாள் வையுங்கள். மெல்பேர்னுக்கு இங்கே பின்னேரம் மூன்று மணி என்றால் அங்கே ஏழரை, அவர்களுடைய கோடையில் எட்டரை. போனாயா என்று கேட்காமல், "இந்தக் கிழமை நான் உனக்கு எதற்காக ஜெபிக்க?" என்று கேட்டு, சொன்னதை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி, அடுத்த கிழமை அதையே முதலில் விசாரியுங்கள்.

ஞாயிறுபாடசாலை_மிஸ்:

கொப்பி நல்ல யோசனை. அக்கா, முதல் சனிக்கிழமை ஒவ்வொருவருக்கும் நாற்பது பக்கக் கொப்பி ஒன்று கொடுங்கள், முதல் பக்கத்தில் மாற்கு 1:1–11 என்றும் ஒரு கேள்வியும் மட்டும் எழுதி. நான்கு கிழமைக்கும் உரிய இருபது வாசிப்பையும் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுத்தால் தாய்மார் அதைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுவார்கள், அதோடு போய்விடும். ஒவ்வொரு சனியும் அடுத்த ஐந்து நாளுக்கு மட்டும் கொடுங்கள். இரண்டாம் சனிக்கிழமை "எத்தனை நாள் செய்தீர்கள்" என்று சபைக்கு முன் கேட்க வேண்டாம். இரண்டு இரண்டு பேராக இருத்தி, எந்தக் கேள்விக்குப் பிள்ளை என்ன சொன்னது என்று ஒருவருக்கொருவர் சொல்ல விடுங்கள், பதினைந்து நிமிடம். வீட்டில் செய்யாதவரும் மற்றவரின் பிள்ளை சொன்னதைக் கேட்டுவிட்டுப் போய்த் தொடங்குவார்.